அண்ணத்தில் தடவிய மாவு

ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்திலிருந்தே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வியாபாரம் இரண்டு மொழிகளில் நடந்துவருகிறது. வீட்டில் உருது பேசும் முதலாளி தொழிலாளியிடம் தமிழில் பேசுவார். வாய் ஒன்றுதான். ஆனால் மொழி மாறினால், நாக்கு அண்ணத்தைத் தொடும் இடமும் மாறும்.

‘பட்டை’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி பின்னோக்கி மடங்கி, அதன் அடிப்பக்கம் மேலண்ணத்தில் போய் ஒட்டும். ஒலியியலாளர்கள் பீட்டர் லடிஃபோகட்டும் பாஸ்கரராவும் 1983இல் வெளியிட்ட எக்ஸ்ரே ஆய்வு இதைக் காட்டியது. உருதுவின் உடன்பிறப்பான இந்தியில் நாக்கு இவ்வளவு மடங்குவதில்லை. நுனி மட்டும் பல்லீறுக்குச் சற்றுப் பின்னால் தொட்டுவிட்டு வந்துவிடும்.

இதையெல்லாம் கருவி இல்லாமலே கவனித்தவர் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் நாக்கையும் அண்ணத்தையும் முதல், இடை, நுனி என்று பிரித்து, எது எதைத் தொட்டால் எந்த எழுத்து பிறக்கும் என்று வகுத்திருக்கிறார். ழகரத்துக்கு நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்கிறார். வருடுவதையும் ஒற்றுவதையும் வேறுபடுத்திச் சொன்ன அந்தக் காது லேசுப்பட்டதல்ல.

ஐரோப்பாவில் நாக்கு தொடும் இடத்தைப் படமாக்கும் வேலையைப் பல் மருத்துவர் ஒருவர் தொடங்கிவைத்தார். லண்டனில் ஓக்லி கோல்ஸ் 1870களின் தொடக்கத்தில் பிசினும் மாவும் கலந்து தன் வாய்க்குள் பூசிக்கொண்டு, ஓர் ஒலியை மட்டும் உச்சரித்தார். நாக்கு பட்ட இடத்தில் மாவு அழிந்தது. கண்ணாடியில் பார்த்து அதை வரைந்துகொண்டார். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் என்பதால் அவருக்கு இதில் அக்கறை. 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன் குழு தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்தபோது, எம்.ஆர்.ஐ.யோடு இந்தப் பழைய பூச்சு முறையும் கைகொடுத்தது.

அண்ணம் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. சிலருக்குக் குவிமாடம்போல் உயர்ந்திருக்கும், சிலருக்குத் தட்டையாக இருக்கும். தட்டை அண்ணத்தில், நாக்கு இம்மி நகர்ந்தாலே காற்று போகும் வழியின் அளவு அதிகம் மாறும். அதனால் ஒலியும் மாறிவிடும். யானா ப்ரூன்னர், சுசான ஃபுக்ஸ், பஸ்கால் பெரியே ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் பல மொழிக்காரர்களை வைத்துப் பார்த்தபோது, தட்டை அண்ணக்காரர்களின் நாக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போனது. உயர்ந்த அண்ணக்காரர்களின் நாக்கு கொஞ்சம் தாராளமாக அலைந்தது. கேட்பவர் காதுக்கு அந்த அலைச்சல் எட்டுவதில்லை.