சுல்தானாவின் கனவும் பீன்யாவின் ஊசியும்

1905ஆம் ஆண்டு, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலச் சிறுகதை வெளியானது. எழுதியவர் வங்கத்து ரொக்கேயா சகாவத் உசைன். பர்தாவுக்குள் வளர்ந்து, பள்ளி வாசலை மிதிக்காமல், தமையனிடம் ஆங்கிலம் பயின்றவர். அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லாண்ட்' வெளிவர அப்போது இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

கதையின் பெண்ணாட்டில் ஆடவர் வீட்டுக்குள் இருக்கின்றனர். பெண்கள் ஆள்கின்றனர். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நேரடியாக நீரெடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கிறது. ஆண்களின் படை தோற்றபின், அவ்வெப்பமே பகைவரை விரட்டுகிறது. இருபத்தோரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் மணமில்லை. ரொக்கேயாவைப் பொறுத்தவரை அறிவியல் என்பது முதலில் கல்விக்கான உரிமை.

அந்தக் கனவின் ஒரு பாதி பெங்களூருவின் பீன்யாவில் நனவானதாகத் தோன்றும். 1975இல் விண்ணேறிய ஆரியபட்டா உருவானது இங்குள்ள தொழிற்பேட்டைக் கொட்டகைகளில். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, அதை வழிநடத்திய இஸ்ட்ராக் நிலையமும் இங்கேதான் இருந்தது. பட்டுப்புடவையில் மகிழும் பெண்களின் ஒளிப்படம் அன்று உலகைச் சுற்றியது. படத்தில் இருந்தோர் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. ரித்து கரிதால், நந்தினி ஹரிநாத் உள்ளிட்ட பெண் அறிவியலாளர்களும் அத்திட்டத்தில் முன்னின்று உழைத்தவர்களே.

மறுபாதிக்கு அதே பீன்யாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பார்க்க வேண்டும். அங்கே தையல் பொறிகளின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்குக் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெங்களூருவின் ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். தம் சேமிப்பைத் தாமே எடுக்கும் உரிமைக்கான போராட்டம் அது. ஒன்றிய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது.

பெண்ணிய அறிவியல் புனைவை, பெண்கள் ஆய்வகத்துள் நுழையும் கதையாக மட்டும் வாசிப்பது போதாது. சுல்தானாவுக்கு அந்நாட்டைச் சுற்றிக்காட்டும் சாரா, அலுவலகப் பணியை இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். எஞ்சிய பொழுதில் விருப்பத்துக்குப் பூத்தையல் செய்கிறார். பீன்யாவில் ஊசி மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்குக்கு ஓடுகிறது. ரொக்கேயா கண்ட கனவில் விண்கலத்தைவிட அந்த இரண்டு மணி நேரமே இன்னும் தொலைவில் இருக்கிறது.