உடப்புத் திரௌபதையின் கேள்வி: ஆரணிய பருவத்து வாதம் ஒன்றின் மறுவாசிப்பு

சிலாபத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்புமாகக் கிடக்கும் உடப்பில், பார்த்தசாரதிக்கும் திரௌபதையம்மனுக்கும் கோயில் ஒன்றுதான். அங்கு ஆண்டுதோறும் நிகழும் பதினெட்டு நாள் விழாவின் உச்சம் தீமிதிப்பு. இந்த இருவரின் சேர்க்கையை மானம் காத்தவன், காக்கப்பட்டவள் என்ற உறவாகவே இதுவரை விளக்கி வந்திருக்கிறோம். மகாபாரதத்தின் ஆரணிய பருவம் காட்டுவது வேறு. காம்யக வனத்துக்குக் கண்ணன் வந்தபோது, தனக்குக் கணவரில்லை, மக்களில்லை, உடன்பிறந்தாரில்லை, தந்தையில்லை என்று அடுக்கிக்கொண்டே வரும் திரௌபதை, அந்த இல்லாதவர் வரிசையில் எதிரே நிற்கும் கண்ணனையும் சேர்த்துவிடுகிறாள். கண்ணன் சினக்கவில்லை. பகைவரின் மனைவியர் அழுவார்கள் என்று அவளுக்கு உறுதி சொல்கிறான். பிறகு தருமனிடம், தான் அப்போது துவாரகையில் இல்லை என்றும், சால்வனோடு போரில் இருந்ததாகவும், இருந்திருந்தால் அழைப்பில்லாமலே வந்து சூதைத் தடுத்திருப்பேன் என்றும் காரணம் கூறுகிறான். தெய்வம் தன் வராமைக்கு விளக்கம் தரும் இடம் இது.

இந்தக் காட்சியோடு சேர்த்துப் படிக்கவேண்டியது, அதே பருவத்தில் சற்றுப் பின்னால் திரௌபதைக்கும் தருமனுக்கும் நடக்கும் வாதம். 1942இல் சுக்தங்கர் பதிப்பித்த பூனாப் பதிப்பில் அது 31 முதல் 33 வரையுள்ள அத்தியாயங்களில் வருகிறது. இதைப் பற்றி நிலைபெற்றுவிட்ட ஒரு வாசிப்பு உண்டு. துயரத்தில் வாய் தவறிய பெண் ஒருத்தி இறைவனைப் பழிக்கிறாள். கணவன் அவளை நாத்திகம் பேசுவதாகக் கண்டித்துத் திருத்துகிறான். அவள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறாள் என்பது அதன் சாரம். இதன் மேல்தான் இன்னொரு முடிவும் கட்டப்பட்டது: ஐயுற்ற திரௌபதை ஏட்டில் அடங்கிப்போனாள், ஐயமற்ற அம்மனே கோயிலுக்கு வந்தாள் என்பது. இரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல என்பது என் கருத்து. முதலாவது தவறு என்பதில் எனக்கு உறுதி மிகுதி. இரண்டாவதைச் சற்று அடக்கத்தோடு சொல்கிறேன்.

அவளுடைய குற்றச்சாட்டு வெறும் புலம்பலா என்று முதலில் பார்ப்போம். 31ஆம் அத்தியாயத்தில் அவள் உவமைகளாகக் குவிக்கிறாள். கயிற்றில் கட்டுண்ட பறவை, மூக்கணாங்கயிறு இட்ட காளை, நூலில் கோத்த மணி, பிறர் ஆட்டும் மரப்பாவை, கரையிடிந்து வெள்ளத்தில் விழுந்த மரம் என்று எல்லாமே தன்வசம் இல்லாத பொருள்கள். படைத்தவன் உயிர்களிடம் தாய் தந்தையைப்போல் நடப்பதில்லை, விளையாட்டுப் பொருளை வைத்துக்கொண்ட பிள்ளையைப்போல் நடக்கிறான் என்கிறாள். ஆனால் அத்தியாயம் உவமையோடு முடியவில்லை. கடைசியில் ஒரு கவர்முடி இருக்கிறது. செய்த வினை செய்தவனையே சேரும் என்றால், எல்லாவற்றையும் செய்விக்கிற இறைவனையும் அந்தப் பாவம் ஒட்டவேண்டும். ஒட்டாது என்றால், உலகில் வலிமை ஒன்றே காரணம். அப்போது வலியற்றவர்களுக்காகத் தான் இரங்குவதாகச் சொல்லி நிறுத்துகிறாள். அழுகையில் இப்படி இரு பக்கமும் அடைத்த நியாயம் எழாது. அவள் முடிக்கிற இடத்தையும் கவனிக்கவேண்டும். தன் அவமானத்தில் தொடங்கிய பேச்சு, பெயரில்லாத எளியவர்களில் போய் நிற்கிறது.

தருமனின் மறுமொழி எப்படித் தொடங்குகிறது என்பதை முன்னைய ஆய்வு பெரும்பாலும் தாண்டிச் சென்றிருக்கிறது. அவளுடைய பேச்சு அழகியது, நயமானது, கேட்டோம் என்கிறான். அதன் பிறகுதான் நாத்திகம் என்ற சொல் வருகிறது. மேலும் அவன் அவளுடைய கவர்முடியைத் தொடுவதே இல்லை. தான் பயன் கருதி அறம் செய்யவில்லை, கொடுக்கவேண்டும் என்பதற்காகக் கொடுக்கிறேன், அறத்தை வைத்து வாணிகம் செய்பவனுக்குப் பலன் இல்லை என்று தன் ஒழுக்கத்தை முன்வைக்கிறான். வியாசர், மார்க்கண்டேயர் முதலான முனிவர்களைச் சான்றுக்கு அழைக்கிறான். கடல் கடக்கும் வணிகனுக்குக் கலம் எப்படியோ அப்படியே அறம் என்கிறான். அவள் பிறப்பையே சான்றாக்குகிறான். வேள்வித்தீயில் தோன்றியவள் அறத்தின் பலனை ஐயுறலாமா என்பது அவன் கேள்வி. மிகுந்ததைத் தேவ ரகசியம் என்று விடுகிறான். இவற்றில் கனமான சொற்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. பயன் நோக்காத அறம் என்ற அவனது நிலைப்பாடு, இறைவன் நீதியானவனா என்ற கேள்வி தீராமலே ஒருவன் நல்லவனாக இருக்கமுடியும் என்று காட்டுகிறது. ஆனால் அது திரௌபதையின் கேள்விக்கு விடையாகாது.

இனிச் சிக்கலான இடம். 33ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் திரௌபதை, தான் அறத்தை இகழவில்லை, இறைவனை எப்படி இகழ்வேன், துயருற்றவளாகப் பிதற்றுகிறேன் என்று அறிக என்கிறாள். திரும்பப் பெற்றாள் என்ற வாசிப்பு முழுவதும் இந்த ஒரு கூற்றின் மேல் நிற்கிறது. மேற்கோள் காட்டுவோர் வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கூற்று நிற்கவில்லை. இன்னும் புலம்புவேன், கேள் என்று தொடர்கிறது. ‘பூய:’ என்ற சொல்லுக்கு ‘மறுபடியும், மேலும்’ என்று பொருள். சொன்னதைத் திரும்பப் பெறுகிறவள் மேலும் சொல்வேன் என்பாளா? அடுத்து ‘சுமனா:’ என்ற சொல். ‘நன்மனத்தோடு’ என்று பொருள்படும் இது, வடிவத்தால் பேசுகிறவளுக்கும் பொருந்தும், கேட்கிறவனுக்கும் பொருந்தும். பேசுகிறவளுக்கு என்று கொண்டால், மனம் தெளிந்து சொல்கிறேன் என்றாகும். கேட்கிறவனுக்கு என்று கொண்டால், மனம் கோணாமல் கேள் என்றாகும். ஏவல் வினையை அடுத்து நிற்பதால் நான் பின்னதையே கொள்கிறேன். எப்படிக் கொண்டாலும் மன்னிப்புக் கோரும் தொனி அதில் இல்லை. கருத்து வேறுபடுகிற இருவர் பேச்சு முறியாதிருக்க ஒருவருக்கொருவர் தரும் இடம் அது.

பிதற்றல், புலம்பல் என்று அவளே சொல்கிறாளே என்பது எதிர்வாதம். தமிழ்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய தடை அல்ல. ஒப்பாரியில்தான் நம் பெண்கள் இறைவனையும் உறவையும் ஊரையும் பெயர்சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். புலம்பல் என்ற பெயர் அந்தப் பேச்சுக்கு உரிமைச்சீட்டு.

அத்தியாயத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். தற்செயல், தெய்வம், தன் முயற்சி ஆகியவற்றால் காரியம் நிறைவேறுவதாகப் பலர் பலவாறு சொல்வதை எடுத்துரைத்து, செயலைக் கைவிடலாகாது என்று நிறுவுகிறாள். இங்கே ஒரு நேர்மையான தடையை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். முன்வினைக்கு ஏற்ப இறைவன் பலனைப் பகிர்ந்து தருகிறான் என்றும் அவள் இந்த அத்தியாயத்தில் சொல்கிறாள். இது தருமனை நோக்கி ஒரு அடி எடுத்துவைப்பதுதான். ஆனால் அதற்குச் சற்றுத் தள்ளி உழவன் வருகிறான். அவன் நிலத்தை உழுது விதைத்துவிட்டு வாளாவிருக்கிறான். அதன்பின் மழைதான் காரணம். மழை பொய்த்தால் உழவன்மேல் குற்றமில்லை. பிறர் செய்வதெல்லாம் நானும் செய்தேன், விளையாததற்கு நான் பொறுப்பல்ல என்று அவன் தன்னைப் பார்த்துக்கொள்கிறான்.

இந்த உழவனை ஆய்வாளர்கள் முயற்சிக்கு உவமையாக மட்டும் எண்ணிக் கடந்துபோனது எனக்கு வியப்பாக இருக்கிறது. முன்வினைக் கோட்பாடு முழுமையாகச் சரியென்றால் மழை பொய்த்த உழவன் குற்றமற்றவன் ஆகமுடியாது. எங்கோ எப்போதோ அவன் செய்த பிழை இருக்கவேண்டும். திரௌபதை அந்தப் பிழையைத் தேடிப் போகவில்லை. துன்பப்பட்டவனைத் துன்பத்துக்குப் பொறுப்பாளி ஆக்க மறுக்கிறாள். 31இல் இறைவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள் என்றால், 33இல் அந்தக் கூண்டிலிருந்து எளியவனை இறக்கிவிடுகிறாள். முதற்பேச்சின் கடைசிச் சொல்லான எளியோர் மீதான இரக்கத்துக்கும் இந்த உழவனுக்கும் நேர்க்கோடு இருக்கிறது. உடப்பில் கரைவலை இழுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சம்மாட்டியும் இழுப்பவர்களும் செய்யவேண்டியதையெல்லாம் செய்தபின்னும் மடி வெறுமையாகக் கரையேறும் நாள் உண்டு. அன்று யாரும் யாருடைய பாவத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை. மறுநாள் வலை இறங்குகிறது.

இந்த நியாயத்தை எங்கே கற்றாள் என்றும் சொல்கிறாள். தந்தை வீட்டில் தங்கிய அந்தணர் ஒருவர் பிருகஸ்பதி சொன்ன நீதியைத் தன் சகோதரர்களுக்குக் கற்பித்தபோது, தந்தையின் மடியிலிருந்து கேட்டதாம். உலகாயதர்களின் ஆசானாக மரபு குறிக்கும் பெயரும் பிருகஸ்பதிதான். இதிலிருந்து அவளை உலகாயதி என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் மனந்திருந்திய பெண் தன் நியாயத்துக்குச் சான்றாகத் தேர்ந்துகொள்ளும் பெயரா இது?

தமிழில் இதற்கு இணை உண்டு. புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் கேட்கும்படி உலகைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்கிறார். பிறகு இத்தகைய உலகில் இனியதைத் தேடிக்கொள்ளும் வழிக்குத் திரும்புகிறார். அந்தத் திருப்பத்தை யாரும் பின்வாங்கல் என்று எழுதவில்லை. இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவர் உலகைப் படைத்தவனைச் சபிக்கிறார். அதற்காக அவரை நாத்திகர் வரிசையில் வைத்தவர் இல்லை. குற்றச்சாட்டிலிருந்து செயலுக்குத் திரும்புவது ஆண் புலவர்களிடம் ஞானமாகவும் திரௌபதையிடம் பணிவாகவும் வாசிக்கப்படுகிறது. இந்த வேறுபாடு பாடத்தில் இல்லை. வாசித்தவர்களிடம் இருக்கிறது.

அவள் உண்மையிலேயே மறுப்பாளி என்றால் பாரதம் அவளை இப்படி விட்டிருக்குமா என்று கேட்கலாம். அதே நூல் சாந்தி பருவத்தில் விடை வைத்திருக்கிறது. போருக்குப் பின் தருமன் நகர் புகுந்தபோது அந்தணர் வேடத்தில் வந்து அவனைப் பழித்த சார்வாகன், அந்தணர்களின் ஹுங்காரத்தால் எரிந்து வீழ்கிறான். அவன் துரியோதனனின் நண்பன். உறவை அறுக்க வந்தவன். திரௌபதையோ காட்டில் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு கேட்கிறாள். அவளுக்குப் பின் பீமன் எழுந்து தன் வாதத்தைத் தொடர்கிறான். யாரும் எரிக்கப்படவில்லை, யாரும் வென்றதாக அறிவிக்கப்படவும் இல்லை. 1873 ஆகஸ்ட் 26, 28ஆம் நாள்களில் பாணந்துறையில் பௌத்தரும் கிறித்தவரும் மோதிய பெருவாதம் இலங்கை வரலாற்றில் இடம்பெற்றதற்கு அதன் வெற்றி தோல்விப் பேச்சு ஒரு காரணம். துவைத வனத்தில் திரௌபதையும் தருமனும் நடத்திய வாதத்தில் அப்படி ஒரு முடிவு இல்லை. இருவரும் அவரவர் நிலையில் நின்றபடியே பன்னிரண்டு ஆண்டு வனத்தையும் ஓராண்டு மறைவையும் சேர்ந்து கடக்கிறார்கள். இதே கரையில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு வருவோர் அறிந்த யோபுவின் கதையில், இறுதியில் சூறாவளியிலிருந்து கடவுள் பேசுகிறார். ஆரணிய பருவத்தின் இந்த வாதத்துக்குள் அப்படி எந்தக் குரலும் எழவில்லை.

உடப்பில் தீமிதிப்போர் ஆரணிய பருவம் படித்தவர்களா என்ற ஆட்சேபம் வரும். படித்திருக்கவேண்டியதில்லை. பார்த்தசாரதி என்ற பெயரும் பதினெட்டு நாள் கணக்கும் பாரதத்துக்கு வெளியே பொருள்படுவதில்லை. நூல் வேறு, ஊர்த்தெய்வம் வேறு என்று அறுத்துப் பிரிக்கும் வாதத்தில் இதற்குமேல் நேரம் செலவிடத் தேவையில்லை. என் கூற்று இவ்வளவே: தீயிலிருந்து பிறந்தவள் என்பது தருமனுக்கு அவளை மௌனமாக்கும் சான்றாகப் பட்டது. அதே தீயை வழிபடும் அடியார்கள் அவளை மௌனமானவளாக வணங்கவில்லை. வேண்டுதல் வைப்பவரும், நேர்ந்துகொண்டும் கிடைக்காதவரும், ஏன் எனக்கு என்று அம்மனிடமே கேட்பவரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

வலிமை ஒன்றே காரணமா என்ற திரௌபதையின் கேள்வி உடப்பு அடங்கிய புத்தளம் மாவட்டத்துக்குப் பழங்கதை அல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். பாண்டவர் வனவாசத்துக்குப் பதின்மூன்றாம் ஆண்டில் முடிவிருந்தது. தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கெடு யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. அவர்களுடைய துன்பத்துக்கு அவர்களிடமே பிழை தேடும் எந்த இறையியலும், எந்தச் சமயத்ததாயினும், உழவனைப் பற்றிய அந்தப் பகுதியின் முன் நிற்கமுடியாது.

உடப்பில் பாரதக் கதையைச் சொல்லக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வனவாசப் பகுதியில் திரௌபதையின் வாயில் அவர்கள் என்ன சொற்களை வைத்தார்கள், தருமன் என்ன பதில் சொன்னான் என்பதை அவர்களிடமே கேட்டு, அவர்களுடைய பேச்சிலேயே பதிவு செய்ய இளம் ஆய்வாளர்கள் முன்வரவேண்டும்.