சிங்கப்பூர் காகிதம், ஹாங்காங் கம்ப்யூட்டர்

பொட்டி தட்டுற நமக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும், "ஒரு சென்சார், ஒரு டேட்டாபேஸ், முடிஞ்சுது"ன்னுடுவோம். நெரிசலைக் குறைக்க வண்டிக்காரங்ககிட்ட காசு வாங்கின ரெண்டு ஊர்க் கதை இது. படிச்சா வியாதி கொஞ்சம் தெளியும்.

1975 ஜூன் 2. சிங்கப்பூர் நகர மையத்துக்குள்ள காலை 7:30-லேருந்து 9:30 வரைக்கும் கார்ல நுழையணும்னா நாளைக்கு 3 வெள்ளி (அங்கே டாலரைத் தமிழ்ல அப்படித்தான் சொல்றாங்க), மாசத்துக்கு 60 வெள்ளி. குடுத்தா ஒரு காகித வில்லை. அதை முன்கண்ணாடியில ஒட்டணும். கேமராவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஓரமா நிக்கிற காவலர் கண்ணாடியைப் பார்ப்பார். வில்லை இல்லாட்டி நம்பரைக் குறிச்சுக்குவார். அவ்ளோதான் சிஸ்டம்!

25-30% வண்டி குறைஞ்சா போதும்னு அரசாங்கம் நினைச்சுது. கட்டண நேரத்துல குறைஞ்சது சுமார் 44%.

ஜனங்க சும்மா இருப்பாங்களா? 9:30 எப்போ ஆகும்னு காத்திருந்து மொத்தமா உள்ளே பாய்ஞ்சாங்க. ரெண்டே மாசத்துல நேரத்தை 10:15 வரைக்கும் நீட்ட வேண்டியதாச்சு. கார்ல நாலு பேர் இருந்தா கட்டணம் இல்லைன்னு ஒரு சலுகை வேற. உடனே பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களைக் கூப்பிட்டு ஏத்திக்கிட்டாங்க. கார்க்காரருக்கு 3 வெள்ளி மிச்சம், பஸ்ஸுக்கு நின்னவருக்கு ஓசி சவாரி :-) 1989-லதான் அந்தச் சலுகையை எடுத்தாங்க.

இப்போ ஹாங்காங். 1983-லேருந்து 1985 வரைக்கும் சுமார் 2,500 வண்டிகளுக்கு அடியில எலக்ட்ரானிக் நம்பர் பிளேட் மாட்டி, ரோட்டுக்குள்ள கம்பிச்சுருள் புதைச்சு ஒரு சோதனை நடத்தினாங்க. தொழில்நுட்பம் அருமையா வேலை செஞ்சுது. ஆனா ஊர் ஒத்துக்கலை. எந்த வண்டி எந்த நேரம் எங்கே போச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஏறி, அதை வெச்சு மாசாமாசம் பில் வரும்னா யாருக்குத்தான் பிடிக்கும்? அதுலயும் 1997-ல ஊரே சீனா கைக்குப் போகும்னு 1984-ல ஒப்பந்தம் ஆகியிருந்த நேரம். அந்தக் கணக்கு நாளைக்கு யார் கையில இருக்கும்? திட்டத்தை மூட்டை கட்டிட்டாங்க.

காகிதத்துல ஆரம்பிச்ச சிங்கப்பூர் 1998-ல எலக்ட்ரானிக்குக்கு மாறினப்போ பில்லே அனுப்பலை. முன்கூட்டியே காசு போட்ட அட்டையை வண்டிக்குள்ள இருக்குற கருவியில சொருகிட்டா போதும். வளைவைத் தாண்டும்போது காசு கழியும். காசு கட்டாம போற வண்டியைத்தான் கேமரா படம் பிடிக்கும்.