நரமாமிசம் தின்றவர் யார்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் விரிந்து கிடப்பது கரிசல் காடு. வானம் பார்த்த பூமி! மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், பொய்த்தால் புழுதி. குண்டாறு பெயருக்குத்தான் ஆறு. ஆண்டில் பல திங்கள் அதில் காணக்கிடைப்பது மணலே. இந்த வறண்ட சீமையிலும், இதைச் சூழ்ந்த பாண்டிய நாடெங்கும், உழும்போதும் மண் வெட்டும்போதும் வாயகன்ற பெரும் பானைகள் வெளிப்படுவதுண்டு. முதுமக்கள் தாழி என்கிறோம். தாழி கிடைத்தவுடன், கூடவே ஒரு கதையும் கிடைத்துவிடுகிறது. அந்தக் காலத்தில் சாவு வராமல் சுருங்கிப்போன கிழவர்களை உயிரோடு பானைக்குள் உட்காரவைத்து, சிறிது சோறும் நீரும் வைத்து மூடிவிடுவார்களாம். கதை கேட்டவர்களுள் துணிச்சல் மிகுந்தவர் இன்னும் ஒரு படி ஏறுவார்: "ஆதி மனிதன்தானே, கொன்று தின்றும் இருப்பான்!"

சான்று எங்கே என்று நாம் கேட்கிறோம்.

நம் நாட்டார்மீது இந்தப் பழி விழுந்தது இன்று நேற்றன்று. ஏறத்தாழ 2,450 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்தியரைப் பற்றி எழுதுமிடத்தில் பதேயர் என்றொரு கூட்டத்தைக் குறிப்பிடுகிறார். அவர்களுள் ஒருவன் நோயுற்றால், உடல் மெலிந்து கறி கெடுவதற்குள் உற்ற நண்பர்களே அவனைக் கொன்று தின்பராம். முதுமை எய்தியவரையும் அவ்வாறே விருந்தாக்குவராம். கல்லத்தியர் என்று மற்றொரு கூட்டம். அவர்கள் இறந்த பெற்றோரைத் தின்பவர்கள். பாரசீகப் பேரரசன் தாரியஸ் கிரேக்கரை அழைத்து, எவ்வளவு பொருள் கொடுத்தால் இறந்த தந்தையைத் தின்பீர்கள் என்றானாம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றனர் அவர்கள். பின்னர்க் கல்லத்தியரை அழைத்து, எவ்வளவு கொடுத்தால் தந்தையின் உடலை எரிப்பீர்கள் என்றானாம். அவர்களோ காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக அலறினராம்!

அவரவர் வழக்கம் அவரவர்க்குப் புனிதம் என்று காட்ட வந்த கதை. கருத்து நல்ல கருத்தே. ஆனால் சாட்சி? ஹெரோடோட்டஸ் இந்த மண்ணை மிதித்தவரல்லர். அதே நூலில், இந்தியப் பாலைவனத்தில் நரியினும் பெரிய எறும்புகள் பொன்மணலைத் தோண்டிக் குவிக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். எறும்பைச் சிரித்து ஒதுக்கிவிட்டு, முதியோரைத் தின்ற கதையை மட்டும் வரலாறு என்று ஏற்பானேன்?

மனிதன் மனிதனைத் தின்றதே இல்லை என்று வாதிட நாம் வரவில்லை. தின்றிருக்கிறான். அதைச் சொல்வது கதையன்று, எலும்பு. ஸ்பெயின் நாட்டு அடப்புவெர்கா மலைக்குகையில் ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மனித எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் சிறுவர் எலும்புகள். கல்லாயுதத்தால் தசையை அறுத்த கீறல்கள் அவற்றில் உண்டு. பிரான்சு நாட்டு மூலா-கெர்சி குகையில் நியாண்டர்தால் மனிதர் ஆறு பேரின் எலும்புகள். காலம் ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன். 1999இல் வெளியான ஆய்வு, மான் எலும்புகளை எப்படி அறுத்து, உடைத்து, மச்சை எடுத்தார்களோ அப்படியே மனித எலும்புகளையும் செய்திருக்கிறார்கள் என்று காட்டியது. இங்கிலாந்தின் காஃப் குகையில் 14,700 ஆண்டுகளுக்கு முந்திய எலும்புகளில் மனிதப் பல் பதிந்த தடமே இருக்கிறது. மண்டையோட்டின் மேற்பகுதியைக் கிண்ணமாகச் செதுக்கியும் வைத்திருந்தார்கள். கென்யாவில் 14.5 லட்சம் ஆண்டுப் பழமையுடைய கணைக்கால் எலும்பு ஒன்றில் வெட்டுக் கீறல்கள் இருப்பதாக 2023இல் அறிவித்தனர். ஆனால் வெட்டியவனும் அதே இனத்தவன்தானா என்பதை அந்த ஒற்றை எலும்பு சொல்லாது. ஆய்வாளரும் சொல்லவில்லை. அறிவியலின் நாணயம் அங்கே இருக்கிறது.

பசிக்காகத்தான் தின்றானா? 2017இல் ஓர் ஆய்வாளர் கணக்கே போட்டுப் பார்த்தார். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய தசை முழுவதும் தருவது ஏறத்தாழ 32,000 கலோரி. ஒரு குதிரையின் தசையோ 2 லட்சம் கலோரி. குதிரை திருப்பி ஈட்டி எறியாது! எனவே வேட்டைப் பொருளாக மனிதன் இலாபமற்றவன். பகையோ, சடங்கோ, இறந்தவர்மீது கொண்ட பற்றோ, கடும் பஞ்சமோ காரணமாயிருக்கலாம் என்பதே அந்தக் கணக்கின் முடிவு.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் தாழிக்கு வருவோம். எலும்பில் கீறல் இருந்தாலே தின்றதாகிவிடாது. உடலைத் தூய்மை செய்து எலும்பைப் புதைக்கும் வழக்கத்திலும் கீறல் விழும். மச்சைக்காக உடைத்த முறிவு வேண்டும், பல் தடம் வேண்டும், விலங்கெலும்போடு கலந்து எறிந்திருக்க வேண்டும். தாழியில் நாம் காண்பது என்ன? ஆதிச்சநல்லூரில் 1876 முதற்கொண்டு பலமுறை தோண்டிவிட்டார்கள். 2004–05இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. சிலவற்றில் முழு எலும்புக்கூடு. சிலவற்றில் பின்னர்ப் பொறுக்கி இட்ட எலும்புகள். அருகே இரும்புக் கருவிகள், சிறு கலங்கள். வேண்டாதவனென்று தள்ளப்பட்டவனுக்கு வைக்கும் பொருள்களா இவை? கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டில் 2020இல் குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்தது. சாவு வராத கிழவன் கதை அங்கே என்ன ஆயிற்று? புறநானூற்றில், கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியைப் பெரிதாக வனைந்து தருமாறு குயவனை வேண்டும் பாட்டு இருக்கிறது. தாழி அன்பின் அடக்கம். அதனைக் கொலைக்களமாக்கியது பிற்காலத்துக் கற்பனை.

பிறனை மனிதத் தின்னி என்பதில் ஒரு வசதி இருக்கிறது. அவனை எதுவும் செய்யலாம்! 1492இல் கொலம்பஸ் மேற்கிந்தியத் தீவுகளில் இறங்கியபோது, அடுத்த தீவிலுள்ள கரீபர் ஆள் தின்பவர் என்று கேள்விப்பட்டார். அந்தப் பெயரிலிருந்தே ஐரோப்பிய மொழிகளில் நரமாமிசம் தின்பவனுக்குச் சொல் பிறந்தது. 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா ஆணையிட்டார்: மனிதத் தின்னிகளைப் பிடித்து அடிமையாக விற்கலாம். அப்புறம் என்ன? அடிமை தேவைப்பட்ட தீவிலெல்லாம் மனிதத் தின்னி முளைத்தான். தீர்ப்பெழுதிய ஐரோப்பாவின் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தால், எகிப்தியப் பிணத்தைப் பொடித்து மருந்துக் கடையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டுவரை விற்றார்கள். பம்பாயைச் சீதனமாகப் பெற்றானே, இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ், அவன் மனித மண்டையோட்டிலிருந்து வடித்த மருந்தின் செய்முறையை விலைகொடுத்து வாங்கியவன். 1685இல் சாகக் கிடந்தபோதும் அந்த மருந்தை அவன் வாயில் ஊற்றினார்கள். அவனை எவரும் காட்டுமிராண்டி என்றாரில்லை.

நமக்கு அண்மையிலுள்ள அந்தமான் தீவினரை, நாய்த் தலையர், மனிதத் தின்னிகள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பிற்காலத்தில் அத்தீவிலேயே தங்கி ஆராய்ந்தவர்கள் அதற்குச் சான்று காணவில்லை. 1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு அமைத்தபின், புதிய நோய்களால் கூட்டங்கூட்டமாக மடிந்தவர் அந்தத் தீவினரே.

உண்மையாகவே அவ்வழக்கம் இருந்த இடமும் உண்டு; மறைக்க வேண்டுவதில்லை. பப்புவா நியூகினி நாட்டின் ஃபோரே மக்கள், இறந்த உறவினரைத் துக்கச் சடங்காக உண்டு வந்தனர். பெரிதும் உண்டவர் பெண்களும் குழந்தைகளும். அதன் வழியே கூரு என்னும் மூளை நோய் பரவியது. 1960 அளவில் வழக்கம் நின்றது, பின்னர் நோயும் ஓய்ந்தது. அந்நோயை ஆராய்ந்தவருக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் வெறியால் தின்றவர்களல்லர். புழுவுக்குக் கொடுப்பதைவிடத் தம் உடலிலேயே இடம் கொடுக்கலாம் என எண்ணியவர்கள். வழக்கம் கொடியது, மனிதர் கொடியவரல்லர்.

இனி நம் ஏடுகளுக்கு வருவோம். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில், தவசியரின் உடல்களைக் காட்டி, இவை அரக்கர் தின்றவை என இராமனிடம் முறையிடுகிறார்கள். தென்திசைக் காட்டில் வாழ்பவன் மனிதத் தின்னி. ஆகவே வில்லை வளைப்பது தருமம்! இசபெல்லாவுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய ஆணை இது. அதே காண்டத்தில் வாதாபி கதையும் வருகிறது. ஆட்டுக் கறியாகிவந்த அசுரன் வாதாபியை அகத்திய முனிவர் உண்டு, செரித்தும் விடுகிறார். கதைப்படி தின்னப்பட்டவன் அசுரன், தின்றவர் முனிவர். நாம் சேர்த்துச் சொன்னது ஒன்றுமில்லை.

திருச்சுழியலைப் பாடிய சுந்தரர்தாம், திருத்தொண்டத்தொகையில் சிறுத்தொண்டரையும் சேர்த்துப் போற்றினார். பின்னர்ச் சேக்கிழார் விரித்துரைத்தார்: அடியவர் கேட்டார் என்பதற்காகப் பெற்ற மகன் சீராளனை அறுத்துக் கறி சமைத்த வரலாறு. முடிவில் பிள்ளை உயிரோடு ஓடிவருகிறான், கேட்டவர் சிவன். பக்தியின் உச்சம் என்பார்கள். இருக்கட்டும். பிள்ளைக்கறி கேட்டவன் அரக்கனாயிருந்தால் அவன் கதை வேறு காண்டத்தில் வேறுவிதமாக முடிந்திருக்கும் அல்லவா?

மணிமேகலை இங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனை, ஊன் ஆகும் என்று கொல்ல வருகிறார்கள். அவனுக்கு அவர்கள் மொழி தெரியும்; பேசுகிறான். பேசியவுடன் உணவு மனிதனாகிவிடுகிறது! அவர்கள் தலைவனிடம் கொலையை விடச் சொல்லி, கலம் உடைந்து வருவோரைக் காக்கச் சொல்லி, மூத்துச் சாகும் விலங்கை உண்ணச் சொல்கிறான். படை கொண்டு அழிக்கவில்லை, அடிமையாக்கவில்லை. அவன் வாதத்துக்கு அடிப்படை மறுபிறவி. அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் வில்லை எடுத்த காவியத்தோடு சொல்லை எடுத்த காவியத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

கரிசல் மண்ணுக்கே திரும்புவோம். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அன்று அருப்புக்கோட்டை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. மக்கள் கிழங்கையும் இலையையும் தேடி அலைந்தனர். 1877 சனவரி 1 அன்று டில்லியில் விக்டோரியாவுக்குப் பேரரசிப் பட்டம் சூட்டி லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். போதாது, மனிதன் செத்துப்போவான் என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. அந்த ஆண்டுகளில் மனிதரைத் தின்றவர் யாரென்று எலும்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கேடுகளைப் பார்க்க வேண்டும்.

முதியோரைக் கொல்லும் பேச்சு இந்தச் சீமையில் பழங்கதையாகவே போய்விட்டதா? இல்லை. விருதுநகர் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் தலைக்கூத்தல் என்றொரு சொல் உண்டு. படுக்கையில் விழுந்த முதியவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பது. குளிர் ஏறி, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வீட்டார் சேர்ந்து எடுக்கும் முடிவு. வெளியே தெரிவது இயற்கைச் சாவு. இதைக் காட்டி இவ்வட்டாரத்தார் அனைவரையும் கொலைகாரர் என்று எழுதுவது, மார்க்கோ போலோ செய்த வேலை. அதை நாம் செய்யமாட்டோம். பிள்ளைகள் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் கூலிக்குப் போனபின், கூரை வீட்டில் தனியே கிடக்கும் உடலுக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்ய ஆளில்லை, மருத்துவம் தொலைவில், வருமானம் அன்றாடம். தமிழக அரசு 1962இல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023இல் அது 1,200 ஆயிற்று. பெற்றோரைப் பேணாத பிள்ளைகள்மீது முறையிட 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் எழுந்து உட்கார முடியாதவர் எந்த அலுவலகப் படியேறி முறையிடுவார்? முதியவர் இறந்தால் ஏன் இறந்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை, உறவும் கேட்பதில்லை.

2010இல் இம்மாவட்டத்து முதியவர் ஒருவர், வயது 80, வீட்டைவிட்டு வெளியேறி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதன் பின்னரே அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்கினர், செய்தித்தாள்களும் எழுதின. அவர் பிழைத்தது, தம் முடிவைப் பற்றியும், பிறகு நிலத்தை யார் யார் பங்கிட்டுக்கொள்வது என்பதைப் பற்றியும் வீட்டார் பேசியது அவர் காதில் விழுந்ததால்.