1942: சென்னை கலைந்த கோடை

யுத்த காலத்துச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் படைகளின் நடமாட்டத்தையும் தளபதிகளின் உபாயங்களையும் விரித்துரைப்பது வழக்கம். அந்த நாட்களில் ஒரு நகரத்தின் வீடுகளில் உலை எப்படி வைத்தார்கள், வேலைக்கு எவர் போனார், ஊரை விட்டு எவர் ஓடினார் என்பவற்றை அவர்கள் ஓரிரு வாக்கியங்களில் சொல்லி மேலே போய்விடுகிறார்கள். ஆனால் பிரஜைகளின் நெஞ்சுரத்தை அறிய விரும்புவோருக்கு அந்த விவரங்களே முக்கியமானவை. 1942-ஆம் ஆண்டின் சென்னை இதற்குத் தக்கதோர் உதாரணம்.

அவ்வாண்டு பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-ல் ஜப்பானியர் ரங்கூனில் நுழைந்தனர். பர்மாவில் தலைமுறைகளாகத் தொழில் நடத்திய தமிழர்கள் கப்பலில் இடம் கிடைக்காமல், காடும் மலையும் கடந்து, நோயிலும் பசியிலும் பலரைப் பறிகொடுத்த குடும்பங்களாக வந்து சேரலாயினர். ஏப்ரல் 5-ல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களிலும், 9-ல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. வடக்கிலும் தெற்கிலும் கரைத் துறைமுகங்கள் தாக்கப்பட, நடுவிலிருக்கும் சென்னை தப்பிவிடும் என்று நம்ப எவருக்கு மனம் துணியும்? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததை நேரிற் கண்ட முதியோர் அப்போது வீட்டுக்கு வீடு இருந்தனர்.

இன்றியமையாத பணியில் இல்லாதவர்கள் நகரை விட்டுச் செல்வது நலம் என்று அரசாங்கமே அறிவித்தது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. கூண்டு உடைந்தால் வெளியே வரக்கூடும் என்ற அச்சத்தால், பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த மிருகக்காட்சிச்சாலையின் சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றனர். எவ்வளவு அபாயம், எத்தனை நாளைக்கு என்ற விளக்கம் ஜனங்களுக்குக் கிட்டவில்லை. அரசாங்கத்தின் வாய்ச்சொல்லைவிட அதன் நடத்தையையே அவர்கள் கூர்ந்து நோக்கினர். நீதிபதிகளும் கோப்புகளும் புறப்பட்ட பிறகு சாமானியன் எதை நம்பித் தங்குவான்?

எழும்பூரிலும் சென்ட்ரலிலும் பாத்திரமூட்டைகளோடும் படுக்கைச் சுருளோடும் ஜனங்கள் அலைமோதினர். ரயிலில் இடம் பெறாதவர்கள் மாட்டுவண்டி பிடித்தனர். அதற்கும் வகையற்றவர்கள் நடந்தனர். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பூட்டிய வீடுகள் வரிசையாக நின்றன, வாடகை சரிந்தது. 1941 கணக்கெடுப்பின்படி 7,77,000-க்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நகரம் சில நாட்களில் பாதி காலியானதுபோல் தோன்றிற்று.

எனினும் அது காலியாகிவிடவில்லை. சொந்த கிராமமும் அங்கே ஒரு திண்ணையும் உடையவர்களே போக முடிந்தது. அன்றாடக் கூலியில் அன்றாடம் உண்பவர்களுக்குப் போக்கிடம் ஏது? பின்னி ஆலைகளில் படைக்குரிய காக்கித் துணி நெய்தவர்களும், பெரம்பூர் ரயில் தொழிற்சாலையில் உழைத்தவர்களும், கீழ்ப்பாக்கத்தில் குடிநீரைச் சுத்திகரித்து அனுப்பியவர்களும், டிராம் ஓட்டியவர்களும், தெருவின் குப்பையை அகற்றியவர்களும் அபாயச் சங்கொலிக்குச் செவி சாய்த்தபடி, விளக்குகளுக்குக் கறுப்புத் திரையிட்ட இரவுகளையும் பதுங்குகுழி வெட்டிய மைதானங்களையும் கடந்து தத்தம் காரியத்தைச் செய்துகொண்டிருந்தனர்.

ஏப்ரல் நடுவிலேயே ஜப்பானியரின் பெருங்கப்பற்படை வங்கக் கடலை விட்டு நீங்கிவிட்டது. சில மாதங்களில் சென்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினர். அவர்கள் எண்ணியிருந்த துன்பம் அப்போது வரவில்லை. எண்ணாத துன்பமோ அரிசிக் கடை வழியாக வந்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வந்த அரிசி பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. ரங்கூன் போனதோடு அதுவும் நின்றது. விலை ஏறிற்று, சரக்கு மறைந்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அதே ஆண்டில் சென்னையிலும் ரேஷன் முறை அமலாயிற்று. ஆயுள் முழுதும் அரிசிச் சோறே உண்டு பழகிய இல்லங்களில் பங்கீட்டில் வந்த கோதுமையை என்ன செய்வதென்று திகைத்த பெண்கள் அதை ரவையாக உடைத்தும் மாவாக அரைத்தும் பக்குவம் கண்டனர். ரேஷன் கடை வாசலில் வரிசையில் நிற்பது குடும்பத்தின் நித்திய கர்மங்களுள் ஒன்றாயிற்று.

குண்டுக்கு அஞ்சி ஓடியவர்களைக் குறை கூறுவதற்கில்லை; குழந்தைகளைக் காப்பது எவருக்கும் முதற் கடமை. ஆயின் ஒரு நகரத்தின் ஆபத்துக் காலத்தை ஓட்டத்தின் கதையாக மட்டும் நாம் நினைவில் வைத்திருப்பது நியாயமன்று. ஓட்டம் ஒரு கோடையோடு முடிந்தது. பங்கீடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. எம்டனின் குண்டு விழுந்த இடத்தைக் காட்ட உயர் நீதிமன்ற மதிலில் கல் பதித்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வரச் செய்தவருக்கும் அளந்த அரிசியில் அத்தனை பேருக்கும் பசியாற்றிய பெண்களுக்கும் அப்படியோர் அடையாளம் இல்லை. மாநகராட்சிக் குறிப்புகளிலும் ஆலைப் பதிவேடுகளிலும் பழைய குடும்ப அட்டைகளிலும் சிதறிக் கிடக்கும் அவர்களது சரித்திரத்தைத் திரட்டி எழுதுவது, அவர்கள் கட்டிக்காத்த நகரில் வாழும் நமக்குரிய கடன்.