தேதியில்லாத மரணங்கள்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூரைத் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அமைந்த ஊராகவே நாம் அறிவோம். மின்சாரத்தின் வரலாற்றை எழுத முனைபவருக்கு அவ்வூரின் இருப்பிடமும் பொருளுடையது. நேர்கோட்டில் அளந்தால் வடகிழக்கே கல்பாக்கமும் தெற்கே நெய்வேலியும் அங்கிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில், சுமார் 80 கிலோமீட்டரில் உள்ளன. இவ்விரண்டில் எதற்கு அஞ்ச வேண்டும் என்று கேட்டால் நம்மில் பலர் தயங்காமல் கல்பாக்கத்தைச் சுட்டுவோம்.

நிகழ்ந்தவை வேறு விதமாக உள்ளன. நெய்வேலி 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே 2020 மே, ஜூலை மாதங்களில் இருமுறை கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். கல்பாக்கத்தின் முதல் உலை 1984இல் வணிக உற்பத்திக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அங்குள்ள குடியிருப்பில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. நீரேற்று நிலையத்துள் கடல் புகுந்தபோதும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

விபத்துகளை மட்டும் எண்ணுவதும் போதாது. புகையால் நேரும் மரணங்களையும் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தொகுத்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்குப் பழுப்பு நிலக்கரி சுமார் 33 உயிர்களையும், நிலக்கரி 25 உயிர்களையும் வாங்குகிறது. நீர்மின்சாரத்துக்கு 1.3; அதில் பெரும்பகுதி 1975இல் சீனாவின் பான்சியாவ் அணை உடைந்ததால் வந்தது. காற்றாலை 0.04, அணு 0.03, சூரிய ஒளி 0.02. செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் இக்கணக்கில் அடக்கம்.

இதனால் அணுமின்சாரம் குறித்த கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று நாம் சொல்லவில்லை. ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சைவிட, மக்களை அவசரமாக இடம்பெயர்த்ததே மிகுதியானோரைக் கொன்றது. தலைமுறைகள் கடந்தும் காக்க வேண்டிய கழிவு எந்தச் சராசரிக்குள்ளும் அடங்காது. கடலோர மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடவும் இயலாது.

ஆயினும் நாம் வரலாறு எழுதும் முறையில் ஒரு குறை இருக்கிறது. வெடிப்புக்குத் தேதி உண்டு; பெயர்ப் பட்டியலும் உண்டு. புகையால் மெல்ல நலிந்து இறப்பவருக்கு இரண்டும் இல்லை. ஆகவே அவர் நம் ஏடுகளில் இடம்பெறுவதில்லை. இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் மடியும் சிற்றுயிர்க்கும் பொறுப்பேற்று இரவுணவை விலக்கிய மரபு மேல்சித்தாமூருடையது. நம் விளக்குகளின் கணக்கையும் அந்த நேர்மையோடு எழுத வேண்டும் என்று கருதுகிறோம்.