உறைந்த நயாகராவும் பழைய புகைப்படங்களும்

நயாகரா அப்படியே உறைந்து நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் முழுக்க உறைந்துவிட்டது என்றே நானும் நம்பினேன். உண்மை வேறு. அருவியின் சாரல்தான் பாறையிலும் மரங்களிலும் படிந்து உறைகிறது. அந்தப் பனித்திரைக்குப் பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். 1848 மார்ச்சில் நயாகரா ஏறக்குறைய வற்றியது நிஜம். ஆனால் அருவி உறைந்ததால் அல்ல. ஈரி ஏரியின் பனிக்கட்டிகள் ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டதால்!

19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பார்க்கர் போன்றவர்கள் எடுத்த குளிர்காலப் படங்கள் நன்றாக விற்றன. அருவிக்குக் கீழே ஆற்றின் மேல் பனிக்கட்டிகள் ஒன்று சேர்ந்து 'பனிப்பாலம்' உருவாகும். மக்கள் கூட்டமாக அதில் நடந்தார்கள். அதன் மேலேயே கடைகள் முளைத்தன. அங்கேயே நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பவர்களும் இருந்தார்கள்.

1912 பிப்ரவரி 4 அன்று அந்தப் பாலம் உடைந்து நகரத் தொடங்கியது. மூன்று பேர் இறந்தார்கள். ஒருவன் 17 வயது இளைஞன். தவித்த தம்பதிக்கு உதவத் திரும்பி வந்தவன். அதோடு பனிப்பாலத்தில் நடப்பது தடை செய்யப்பட்டது.

இன்று கரையில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். இனி அந்தப் பழைய படங்களைப் பார்த்தால், பனிக்கு அடியில் ஓடிய ஆற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.